தகட்டுக்குக் கீழே

சாரதாதேவியின் கடைக்குப் பெட்டி இறக்க வருகிற ஆட்களுக்கு அவளைக் கண்டால் பயம். பிரெஞ்சுத் தலைநகரில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலை ஒட்டிய ஒரு மரக்கறிக் கடையில் அவளுக்கு வேலை. மேலே அழகாக அடுக்கியிருப்பதை அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். கையைப் பெட்டியின் அடிவரை விட்டு, கடைசியில் கிடக்கிற வெண்டிக்காயை இழுத்தெடுத்து நுனியை முறிப்பாள். பூசணிக்காய் என்றால் பெருவிரலால் அழுத்துவாள். விரல் உள்ளே இறங்கினால் முழுப் பெட்டியும் வந்த வழியே திரும்பிப் போகும். முதலாளிக்கு அவளை நிரம்பப் பிடிக்கும். மரக்கறியோடு நின்றிருந்தால் ஊருக்கும் பிடித்திருக்கும். அவள் மனிதர்களையும் அப்படித்தான் அழுத்திப் பார்த்தாள்.

அவளுடைய கணவன் மகாலிங்கம் அதே தெருவில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். அவனுடைய உயிர்க் கூட்டாளி கரிகாலன் வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறவன். 2010இல் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு காம்பிங் கார் வாங்கினார்கள். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் இருக்கும். இருபது வயதுக் கிழடு அது. விற்ற வயோதிபத் தம்பதி சாவியைக் கொடுக்கும்போது கண்கலங்கினார்களாம்.

"அழுதவை எண்டால் அதுக்குள்ளை ஏதோ பழுது இருக்கு," என்றாள் சாரதாதேவி.

பழுது இல்லாமலில்லை. முதல் வருடமே பற்றரி போனது, தண்ணீர்ப் பம்ப் போனது, பின்சில்லில் பிரேக் போனது. ஒன்றைத் திருத்திக்கொண்டு வந்தால் அடுத்தது வரிசையில் நிற்கும். ஓகஸ்ட் விடுமுறையின் பாதி, யாரோ ஒரு மெக்கானிக்கின் வாசலில் நாற்காலி போட்டுக் குந்தியிருந்தே கழிந்தது. ஆனாலும் மறுபாதி இருந்ததே! தியெப் கடற்கரையில் வண்டிக் கதவைத் திறந்துவைத்து, கடலைப் பார்த்தபடி சாரதாதேவியும் கரிகாலனின் மனைவி கௌரியும் நண்டுக் குழம்பு வைத்தார்கள். முன்பு ஒருமுறை ஹோட்டல் அறையில் களவாகக் கருவாடு பொரித்து, புகைமணி அலறி, முழு ஹோட்டலும் தெருவில் இறங்கி நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இங்கே யாரும் மூக்கைப் பொத்த முடியாது. வாடகை வீடு, முதலாளியின் கடை என்று ஓடிய வாழ்க்கையில், இது எங்களுடையது என்று சாரதாதேவி சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த வண்டி. அது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து அவளுடைய பயம்.

பயத்துக்கு அவள் உடனேயே மருந்தும் செய்துகொண்டாள். ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் வண்டிக்குப் பூசை நடந்தது. நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து நசுக்கினார்கள், தேங்காய் உடைத்தார்கள், தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்து வாயைப் பிளந்தார்கள். அத்தனை கண்ணும் வண்டியில் விழுந்ததைச் சாரதாதேவி கண்டாள். ஐயரிடம் சொல்லிக் கண்ணூறு படாமல் இருக்க ஒரு செப்புத் தகடு மந்திரித்து வாங்கினாள். அதை வண்டிக் கதவுக்கு மேலே, வெளிச்சுவரில், நாலு திருகாணி போட்டு இறுக்கப் போனாள்.

கரிகாலன் ஓடிவந்தான். "அக்கா, வெளிச்சுவரிலை துளை போடாதேங்கோ. உள்ளுக்கை ஒரு இடத்திலை ஒட்டிவிடுவம்."

"உள்ளுக்கை ஒட்டினால் வெளியிலை வாற கண்ணுக்கு அது என்னெண்டு தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அவளே திருகாணியை முறுக்கினாள். அன்றிரவு கணவனிடம் சொன்னாள்: "தகட்டைக் கண்டவுடனை உங்கடை கூட்டாளிக்கு ஏன் சுடுது? அவரின்ரை கண்தான் முதல் கண்."

மகாலிங்கம் மறுபக்கம் திரும்பிப் படுத்தான். அவன் வீட்டில் பேசுவது குறைவு.

வண்டி புறநகரான பொண்டியில் நின்றது. கரிகாலன் குடும்பம் அங்கேதான் ஒரு அடுக்குமாடியில் இருந்தது. பக்கத்தில் தனிவீட்டில் இருந்த ழான்-லூக் என்ற கிழவர் தன் வளவின் ஓரத்தை வண்டிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். சாவி ஒன்று மகாலிங்கத்திடம், மற்றது கரிகாலனிடம். வண்டி தன் வீட்டு வாசலில் நிற்காமல் அவன் வீட்டுப் பக்கத்தில் நிற்பதே சாரதாதேவிக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

2012 ஐப்பசியில், தீபாவளிப் பலகாரம் பொரிக்க, வண்டிக்குள் கிடக்கிற பெரிய தாச்சி வேண்டுமென்று கணவனின் சாவியை எடுத்துக்கொண்டு அவள் தனியே பொண்டிக்குப் போனாள். ழான்-லூக் வேலியருகே வந்து குசலம் விசாரித்தார். உங்கள் நண்பர் நல்ல மனிதர், மழை பெய்தால் போதும், வந்துவிடுவார், என்னிடம் மின்சாரக் கம்பி வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு பின்னேரம் முழுக்க இருப்பார் என்றார். சாரதாதேவியின் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் இதில் ஒரு சொல்லையும் அவள் தவறவிடவில்லை. மழையில் தெருவில் ஆள் இராது. கதவைச் சாத்திக்கொண்டு மின்சாரம் போட்டு அப்படி என்ன வேலை?

வண்டியைத் திறந்தாள். சுவரெல்லாம் தொட்டுப் பார்த்து, வழக்கம்போல அடிவரை கையை விட்டாள். கட்டிலுக்குக் கீழே ஈரமான துவாய் இரண்டு. பின்னால், அலுமாரி மூலையில், ஊதா நிறத்தில் ஒரு தலைமயிர் காயவைக்கிற மெஷின்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் இருந்துவிட்டாள். கரிகாலனுக்கு உச்சியில் மயிரே கிடையாது.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "கரிகாலன் வண்டிக்குப் போறவனோ?"

மகாலிங்கத்தின் கை சோற்றில் நின்றது. "அவனோ? எனக்கென்ன தெரியும்."

அந்தக் கை நின்றதை அவள் கண்டாள். ஐயோ, இந்த மனிசனுக்கும் இதில் பங்கிருக்குமோ என்று நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு நித்திரை வரவில்லை. தங்களுடைய கட்டிலில், தங்களுடைய துவாயில் எவளோ தலை துவட்டுகிறாள் என்ற நினைப்பே அருவருத்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவனையும் இழுத்துக்கொண்டு கரிகாலன் வீட்டுக்குப் போனாள். தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. பையிலிருந்து மெஷினை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கௌரி, இது ஆரின்ரை எண்டு சொல்லு பாப்பம்."

கௌரி நல்ல பெண், சூதுவாது தெரியாதவள். கண்டவுடன் சந்தோஷப்பட்டுவிட்டாள். "இது என்ரையெல்லோ! வீடு முழுக்கத் தேடினனான். எங்கையக்கா கிடந்தது?"

"வண்டிக்குள்ளை. ஈரத் துவாயோடை. உன்ரை மனுசன் மழைநேரத்திலை அங்கை ஆரையோ கூட்டிக்கொண்டு போறார். கிழவரே சொல்லுது."

கௌரியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "உங்களைக் கேட்க, கண்ட நினைவே இல்லையெண்டனீங்கள்," என்றாள் கணவனைப் பார்த்து.

கரிகாலன் மகாலிங்கத்தைப் பார்த்தான். நீ சொல்லடா என்று கேட்கிற பார்வை. மகாலிங்கம் மேசையிலிருந்த மெஷினைப் பார்த்தான். கரிகாலன் எழும்பிப் போய், வண்டிச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இந்தாங்கோ அக்கா," என்றான். அவ்வளவுதான்.

திரும்பிவரும்போது ரயிலில் மகாலிங்கத்துக்கு வாய் திறந்தது. அவனுக்கு வார்த்தை எப்போதும் ஒரு ரயில் பிந்தித்தான் வரும். "அங்கை ஒருத்தியும் இல்லையப்பா. நீர் தகடு பூட்டின துளையாலை மழைத்தண்ணி சுவருக்குள்ளை இறங்குது. கரிகாலன் தகட்டைக் கழட்டுவம் எண்டவன். கழட்டினால் நீர் வீட்டை ரெண்டாக்குவீர் எண்டு நான்தான் வேண்டாம், கௌரிக்கும் சொல்லவேண்டாம் எண்டனான். அதுதான் மழைக்கு மழை போய்த் துடைச்சு, அந்த மெஷினாலை காயவைச்சவன்."

சாரதாதேவி நம்பவில்லை. "நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பாத்தனான். காஞ்சு கலகலவெண்டு இருக்கு. கூட்டாளியைக் காப்பாத்த நல்ல கதை."

அவள் பொய் சொல்லவில்லை. சுவர் உண்மையாகவே காய்ந்திருந்தது. கரிகாலன் அந்த வேலையை அத்தனை ஒழுங்காகச் செய்திருந்தான். தனக்குச் சாட்சியாக ஒரு பொட்டு ஈரத்தைக்கூட அவன் சுவரில் விட்டுவைக்கவில்லை.

இரண்டு சாவியும் அவளுடைய கைப்பைக்குள் போயின. மாரி முழுக்க மழை பெய்தது. மகாலிங்கம் ஓரிரு தடவை சாவியைக் கேட்டுப் பார்த்தான். "ஏன், ஆர் காத்துக்கொண்டு நிக்கினம்?" என்று அவள் கேட்டாள். பிறகு அவன் கேட்கவில்லை. கௌரி மரக்கறி வாங்க லா சப்பல் பக்கம் வருவதை நிறுத்தினாள். கரிகாலன் வீட்டைவிட்டுப் போய் லா கூர்னவில் தமையனோடு இருக்கிறான் என்று கடையில் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டு சாரதாதேவிக்குக் கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன். பார், நான் சொன்னது சரிதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதே நேரம் தியெப்பில் கௌரியோடு நண்டு உடைத்த ஞாபகம் வந்து, பெட்டிகளைக் கொஞ்சம் பலமாகத் தூக்கிப் போட்டாள்.

சித்திரையில் வெயில் எட்டிப் பார்த்தது. இம்முறை வண்டி முழுக்க எங்களுடையது, நாங்களே கடலுக்குப் போவம் என்று கணவனைக் கிளப்பிக்கொண்டு பொண்டிக்குப் போனாள். கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கின் மணம் முகத்தில் அடித்தது. மெத்தை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கதவுக்கு மேலே சுவர் வயிறு வீங்கினமாதிரி முன்னுக்குத் தள்ளியிருந்தது.

சாரதாதேவி பெருவிரலால் அழுத்தினாள். விரல் இறங்கியது. அழுகிய பூசணிக்காய்க்குள் இறங்குவதுபோல, ஒரு தடையுமில்லாமல், விரற்கணுவரை இறங்கியது. இழுத்தபோது கறுத்த மரத்தூளும் தண்ணீரும் அவள் கையில் வழிந்தன. மேலே அண்ணாந்து பார்த்தாள். சரியாக அந்த இடத்துக்கு மேலே, வெளிப்பக்கத்தில்தான் தகடு இருந்தது.

அவள் வாழ்க்கையில் எத்தனையோ பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இதை எங்கே அனுப்புவது? வாசற்படியில் குந்தியிருந்து முந்தானையால் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். கறுப்புப் போகவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மகாலிங்கம் அழுகின பலகையைக் கழற்றுவதற்குக் கம்பி எடுத்து வந்தான்.

"தொடாதேங்கோ!" என்று கத்தினாள் அவள். "கௌரி பாக்குமட்டும் அதிலை ஒருத்தரும் கைவைக்கப்படாது."

பக்கத்து அடுக்குமாடியில் கௌரி கதவைப் பாதிதான் திறந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கணவன் பின்னால் நிற்க, சாரதாதேவி வாசலில் நின்றபடியே தகடு, துளை, மழை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இதெல்லாம் அவர் அண்டைக்கே சொன்னவர் அக்கா," என்றாள் கௌரி. "கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னவர். நான் நம்பேல்லை. சாரதா அக்கா வடிவாப் பாக்காமல் ஒண்டும் சொல்லமாட்டா எண்டு உங்களைத்தான் நம்பினனான்."

சாரதாதேவி கறுப்புப் போகாத கையை நீட்டிக் காட்டினாள்.

"இப்ப மட்டும் என்னத்துக்கு நம்பவேணும்?" என்றாள் கௌரி. "எல்லாரும் சேர்ந்து என்னைச் சமாளிக்கப் பாக்கிறியளோ? நல்ல கதை."

தன்னுடைய சொல்லே தன் முன்னால் வந்து நிற்பதை சாரதாதேவி கண்டாள். "என்னை நம்பாதை," என்றாள். "ஒருத்தரையும் நம்பாதை. வந்து உன்ரை விரலாலை அமத்திப் பார்."

மூவரும் வண்டிக்கு நடந்தார்கள். ழான்-லூக் வேலியருகே வந்தவர், கௌரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கௌரி வண்டிக்குள் ஏறி அந்தச் சுவரைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலை வைத்தாள். விரல் இறங்கியது. உள்ளங்கையால் அழுத்தினாள், பலகை பிளந்து கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. ஒரு பிடி அள்ளினாள். சொதசொதத்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூஞ்சணம் பிடித்த அந்த மெத்தையிலேயே குந்தியிருந்து, விம்மி விம்மி அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டு நின்ற சாரதாதேவிக்கு, அந்தச் சுவர் உளுத்துப்போயிருப்பது பெரிய ஆறுதலாக இருந்தது. கடலும் நண்டும் போகட்டும். இன்னும் நன்றாக உளுத்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

கௌரி டெலிபோனை எடுத்து ஒரு இலக்கத்தை அழுத்தி, காதில் வைக்காமல் சாரதாதேவியிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கோ."

"ஓம், கௌரியோ?" என்றது கரிகாலனின் குரல்.

"நான் சாரதாக்கா. வண்டிக்குள்ளை நிண்டு கதைக்கிறன்."

திட்டப் போகிறான், திட்டட்டும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியிலையோ?" என்றான் அவன். "இவ்வளவு மழைக்கும் ஆராவது போய்த் துடைச்சனீங்களே அக்கா? சுவர் தாங்கிச்சுதே?"

"இல்லை தம்பி," என்றாள். "சுவர் போச்சு. அது போனபடியாலைதான் உன்னை நம்பினம்."