கடைசிக் களத்துக்கு வைத்த மருந்து

என் கணவரை முகம் தெரியாத பிள்ளைகள் எல்லாம் ஆசான் என்று கூப்பிடுகிறார்கள். முறை வைத்துத் திரையில் ஆடும் ஒரு போர் விளையாட்டில் அவர் கரைகண்டவராம். நம் படையை நாம் நகர்த்த வேண்டும், பிறகு எதிரி அவன் படையை நகர்த்துவான், பிறகு மறுபடி நம் முறை. சதுரங்கம் மாதிரிதான், ஆனால் இதில் ஒவ்வொரு காய்க்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, அடிபட்டால் காயமும் உண்டு. செத்தவர் செத்தவர்தான், அடுத்த களத்தில் எழுந்து வர மாட்டார். புதிதாக ஆட வருகிறவர்கள் ஃபோனில் ஒரு குழு வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்பார்கள். இவர் சாப்பாட்டுத் தட்டை ஆற வைத்துவிட்டுக் குரல் பதிவில் அருள்வாக்கு சொல்வார்.

“தம்பி, முதல்ல அவசரத்த விடு. ஒருத்தன மட்டும் முன்னால ஓடவிட்டா நாலு பேரு சூழ்ந்துக்குவான். எல்லாரையும் சேத்தே நகத்து. மேட்டுல நின்னு அடி. எதிரிக்கு முதுகக் காட்டாத. முக்கியமா, உன் முறைய வீணாக்காத. நகத்தாம விட்டுட்டா போனது போனதுதான், திருப்பிக் கேட்டாக் கிடைக்காது.”

சொல்வதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. நானே கேட்டு அசந்திருக்கிறேன். ஆனால் எல்லா உபதேசமும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

“அப்புறம் இந்த மருந்துக் குப்பி. சின்னச் சின்னக் காயத்துக்கெல்லாம் ஊத்தித் தொலைக்காத. கடைசிக் களத்துக்கு வேணும். நானெல்லாம் இதுவரைக்கும் ஒரு தங்கக் குப்பியக்கூடத் திறந்ததில்ல.”

சிவப்புக் குப்பி ஊற்றினால் பாதிக் காயம் ஆறும். தங்கக் குப்பி சாகக் கிடப்பவரையும் எழுப்பி உட்கார வைக்கும். ஆட்டம் தொடங்கும்போதே ஆடுகிறவருக்கு ஒரு தங்கக் குப்பியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். இவர் அதைப் பத்திரப்படுத்திய பத்திரத்தில், மூன்றாவது களத்திலேயே படையின் மருத்துவச்சி செத்துப்போனாள். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த பெண், ஒரு குப்பிக்கு வழியில்லாமல் பாறை ஓரத்தில் சுருண்டு விழுந்தாள். நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“பையிலதான் இத்தனை இருக்கே, அவளுக்கு ஒண்ணு ஊத்தினா என்னங்க?”

“உனக்குப் புரியாது. இன்னும் எத்தனையோ களம் இருக்கு. அடுத்த சத்திரத்துல வேற மருத்துவச்சி கிடைப்பா.”

எனக்குப் புரியாமல் என்ன? இந்த மனிதரோடுதானே குடித்தனம் நடத்துகிறேன். எங்கள் வீட்டு சோபாவுக்கு வாங்கிய அன்றைய பிளாஸ்டிக் உறை இன்னும் பிரியவில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும். துணி துவைக்கும் இயந்திரத்தின் முகப்பில் ஒட்டி வந்த தாளையும் கிழிக்க விடவில்லை. அது பழுப்பேறி, உள்ளே இருக்கும் எழுத்து தெரியாமல், நான் குத்துமதிப்பாகத்தான் பொத்தானை அமுக்குகிறேன். கல்யாணத்துக்கு வந்த துவாலைகள் அலமாரியில் பெட்டியோடு இருக்கின்றன. நாங்கள் முகம் துடைப்பது நூல் நூலாகப் போன பழையதில்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். அளவு பார்த்து, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் உட்கார வைப்பது என் வேலை. என் கையாலேயே அவருக்கு ஒரு நல்ல கண்ணாடி செய்து கொடுத்தேன். அதையும் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டு, கீறல் விழுந்த பழசையே மாட்டிக்கொண்டு அலைகிறார். கேட்டால், “புதுசு எங்க போயிரப் போகுது?” என்பார். நாய் பெற்ற தேங்காய் என்று சும்மாவா சொன்னார்கள்? தானும் தின்னாது, உருட்டிக்கொண்டே திரியும்.

அவர் வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் உதிரிபாக அறைக்கு அவர்தான் காவல். மெக்கானிக் வந்து புதுக் கதவுச் சக்கரம் கேட்டால், பழசையே எண்ணெய் போட்டுக் கொடுத்து அனுப்புவார். லிஃப்ட் நடு மாடியில் நின்றால் அது மாட்டிக்கொண்டவர்கள் பாடு. லீவும் அப்படித்தான். காய்ச்சல் வந்தாலும் மூக்கைச் சிந்திக்கொண்டே வேலைக்குப் போய்விடுவார். சேர்ந்திருக்கும் லீவைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், பெற்ற பிள்ளை முதல் வகுப்பில் தேறியது போல.

இந்த நேரத்தில் என் பித்தப்பையில் கல் வந்தது. வலி வந்தால் சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எடுத்துவிடுவதுதான் நல்லது, சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். தேதியும் கொடுத்தார். எனக்கு மயக்க மருந்து என்றால் பயம். கண்ணை மூடியவள் திறக்காமலே போய்விட்டால் என்ற எண்ணம் வந்து வந்து போனது. கண் திறக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

“அன்னிக்கு ஒருநாள் லீவு போடுறீங்களா?”

“டாக்டர் என்ன சொன்னாரு? சின்ன ஆபரேஷன்னுதானே?”

“ஆமா.”

“அப்புறம் என்ன? சின்னதுக்கெல்லாம் லீவ விட்டுட்டா, நாளைக்குப் பெருசா எதாவது வந்தா என்ன பண்றது?”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையிலேயே என் நன்மைக்குத்தான் சொல்கிறார். பெரிதாக என்றால் எது என்று பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். கை கால் விளங்காமல் போவதா? அதற்கும் இதைவிடப் பெரிதாக ஒன்று பின்னால் வரலாம் என்றுதான் சொல்வார். கடைசியில் மிஞ்சுவது என் சாவு ஒன்றுதான். ஆக, மனிதர் இத்தனை வருடமாக என் சாவுக்கு லீவு சேர்த்து வருகிறார். அன்றைக்குத் தவறாமல் வந்து தலைமாட்டில் நிற்பார், நான்தான் பார்க்க முடியாது.

என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது என் நாத்தனார், இவருடைய அக்கா. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைத்த குழம்பை அவள் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நெசவாலையில் மேற்பார்வை பார்க்கிறவள், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரல் கரகரத்து அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டது. விஷயம் கேள்விப்பட்டதும், யாரையும் கேட்காமல் லீவு போட்டுவிட்டுப் பையோடு வந்து நின்றாள். நான் கண் திறந்தபோது முதலில் காதில் விழுந்தது அவள் குரல்தான்.

“முழிச்சிட்டா! ஏய், இங்க பாரு. பிழைச்சிட்ட. அழுவாத, தையல் இழுக்கும்.”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அந்தக் கரகரத்த குரல் தேனாக இருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவாள்.

ஆசான் வேலை முடிந்து சாயங்காலம் வந்தார், சாப்பாட்டு டப்பாவும் கையுமாக. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பாத்தியா, சும்மா பயந்த. சின்னதுதான்,” என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் ஃபோன் கிணுகிணுத்தது. குழுவில் யாரோ ஒரு பிள்ளை கேட்டிருக்கிறான், அண்ணே, என் மருத்துவச்சி ஒவ்வொரு களத்திலும் செத்துப்போகிறாள், என்ன செய்யட்டும் என்று. இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஃபோனை வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

“தம்பி, மருத்துவச்சிய ஒருநாளும் தனியா விடக்கூடாது. அதுதான் பாலபாடம். உன் ஆள்ல ஒருத்தன் எப்பவும் அவ பக்கத்துலயே நிக்கணும். அவ விழுந்தா மொத்தப் படையும் விழுந்த மாதிரி.”

குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சிரித்தால் வயிறு வலிக்கும், அழுதாலும் வலிக்கும், எதைச் செய்வது என்று தெரியவில்லை. நாத்தனார் எழுந்தாள்.

“டேய், வெளிய போ.”

“ஏங்க்கா?”

“போய்க் கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்துட்டு வா. ஊருக்குத்தான் உபதேசம்.”

அந்தப் பதிவு இன்னும் போய்க்கொண்டிருந்தது, அவள் சொன்னதும் சேர்ந்து குழுவுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து யாரோ ஒருவன், “ஆசானே, அந்த அக்காவும் ஆடுவாங்களா?” என்று கேட்டிருந்தான்.

தையல் ஆறும்வரை என் லீவு முழுவதும் வீட்டில் கழிந்தது. படுத்துப் படுத்து முதுகு வலித்தபோது நானும் அந்த விளையாட்டைத் தொடங்கினேன். சாயங்காலம் வந்தவுடன் ஆசான் பின்னால் நின்று பதறுவார். “ஐயோ, கீறல்தான் பட்டிருக்கு, அதுக்குப் போய்க் குப்பியா?” நான் ஊற்றினேன். வலிக்கிறவருக்கு வலிக்கும்போதே ஊற்றினேன். பை அடிக்கடி காலியானது, ஆனால் வழியில் புதுசு புதுசாகக் கிடைத்துக்கொண்டும் இருந்தது. இரண்டு தடவை தோற்றேன். மூன்றாம் தடவை கடைசிக் களத்தை வெறும் பையோடு தாண்டினேன், என் மருத்துவச்சி முதல் வரிசையில் நின்றிருந்தாள்.

அவரும் அதே வாரம் தன் ஆட்டத்தை முடித்தார். பாதிப் படை வழியிலேயே போய்விட்டது, மீதிப் பாதியை வைத்துக் கடைசிக் களத்து அரக்கன் தலையை எடுத்தார். வாத்தியம் முழங்கியது, விளையாட்டைச் செய்தவர்கள் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறின. அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே தங்கக் குப்பிகள் ஜொலித்தன.

“ஒண்ணுகூடத் தொடல, பாத்தியா?”

“இனிமே இத என்ன பண்ணுவீங்க?”

யோசித்தார். இதற்கு முன் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலும். பெயர்கள் ஏறி முடிந்து திரை கறுப்பானது, பையும் அதோடு போயிற்று.

அதன்பின் கொஞ்ச நாளில் அவர் நிறுவனத்துக்குப் புது மேலாளர் வந்தார். எடுக்காத லீவெல்லாம் வருடக் கடைசியோடு காலாவதி, வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்துத் தீர்க்கட்டும் என்று உத்தரவு. இவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போகாத குறைதான். சாவியை உதவியாளனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பையன் அன்றைக்கே மெக்கானிக்குகளுக்குப் புதுச் சக்கரங்களை அள்ளிக் கொடுத்தானாம். ஆசானுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் தனியாக உட்கார்ந்து எத்தனை நாள் சுவரைப் பார்ப்பது? ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து நின்றார். நான் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல சட்டை போட்டு, கண்ணில் நான் செய்து கொடுத்த புதுக் கண்ணாடி. ஒரு கணம் எனக்கு மனசு இளகித்தான் போனது. உள்ளே வந்தவர் படியில் தடுக்கி, ஃபிரேம் மாட்டியிருந்த தட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“இது என்னம்மா, எல்லாம் கலங்கலா தெரியுது?”

“பவர் மாறியிருக்கும். செஞ்சப்பவே போட்டிருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்கும்.”

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சரி, அத விடு. எங்கயாவது போலாமா? நீயும் நானும். மலைப்பக்கமோ, கடல்பக்கமோ, நீ எங்க சொல்றியோ அங்க. எங்கிட்ட லீவு மலையாக் கிடக்கு.”

“எங்கிட்ட இல்லீங்க. ஆபரேஷனுக்கே எல்லாம் தீந்துபோச்சு.”

கடை முதலாளியம்மா கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது, கூடவே கொஞ்சம் கண்டிப்பும் இருந்தது.

“கொஞ்சங்கூடவா மிச்சம் வைக்கல?”

என் கையில் லென்ஸ் இருந்ததால் அவர் பிழைத்தார்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கியிருந்தார். நான் சோபாவில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை இல்லை. கிழித்துச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார். திரையில் முதல் களம்தான், எதிரி எறிந்த கல் ஒன்று மருத்துவச்சியின் தோளில் உரசியது. கீறல்தான். அவர் பையைத் திறந்தார். தொடக்கத்தில் கொடுக்கிற அந்த ஒற்றைத் தங்கக் குப்பியை எடுத்து, கொஞ்ச நேரம் கை தயங்கி, அவள் மேல் ஊற்றிவிட்டார். அவள் பளபளவென்று எழுந்து நின்றாள். அவர் என் பக்கம் திரும்பி, பாராட்டுவேன் என்று காத்திருந்தார்.

எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. திரையில் வரைந்த பொம்மை மேல் பொறாமைப்பட வைத்துவிட்டாரே என்று கோபமும் வந்தது.

“சின்னக் கீறலுக்குப் போய் ஊத்திட்டீங்களே,” என்றேன். “நாளைக்குப் பெருசா எதாவது வந்தா?”

அவர் முகம் சுண்டிவிட்டது. கையிலிருந்த ஆட்டக் கருவியைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு ரொம்பப் பயந்தியா?”

“ஆமா.”

“இப்பச் சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அது உங்க முறை. நீங்க நகத்தல.”

அவர் திரையைப் பார்த்தார். அங்கே எதிரிகள் நகரத் தொடங்கியிருந்தார்கள். நான் எழுந்து போய், அலமாரியிலிருந்து கல்யாணத் துவாலை ஒன்றைப் பெட்டியைக் கிழித்து எடுத்து, முகம் கழுவித் துடைத்துக்கொண்டேன். வருடக்கணக்கில் மடிந்தே கிடந்ததில் மடிப்பு வாக்கில் இற்றுப்போயிருந்தது, துடைக்கும்போதே இரண்டாகக் கிழிந்தது. ஒரு பாதியைக் கொண்டுபோய் அவர் தோளில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.