பக்கத்து வீட்டுக்கு எந்தப் படி

ராஜஸ்ரீக்குக் காய்ச்சல் வந்தால்கூட அது பெயருள்ள காய்ச்சலாக இருக்கும். ஒருமுறை டெங்கு வந்தது. இன்னொருமுறை எலிக்காய்ச்சல். பேராசிரியர்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கரமனையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தாணுமாலயனுக்கு வந்ததெல்லாம் வெறும் ஜலதோஷம். ஒரே துறை, ஒரே கைடு, ஒரே கேன்டீன் சாயா, நோயில் மட்டும் இப்படி. சுகாதார ஏற்றத்தாழ்வு என்ற விஷயத்தில் அவனுக்கு முதன்முதலாக ஈடுபாடு உண்டானது அப்போதுதான். இதை அவன் எந்த விண்ணப்பத்திலும் எழுதவில்லை.

இப்போது அந்த விஷயத்திலேயே ஒரு வேலை வந்திருந்தது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சமூகவியல் போஸ்ட்டாக், அதாவது டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கான ஆய்வு வேலை. மலைத்தோட்டத் தொழிலாளர்களின் உடம்பு மற்றவர்கள் உடம்பைவிட ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று இரண்டு வருடம் ஆராய வேண்டும். இருந்தது ஒரே இடம். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நின்றவர்கள் தாணுமாலயனும் ராஜஸ்ரீயும். அவள் இல்லாத ஒரு பட்டியலில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நீண்டநாள் ஆசை. அது இந்த முறையும் நிறைவேறவில்லை.

சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் அவனுடைய அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. "இது கெடைக்கலேன்னா அடுத்த மாசம் மொதல் கடையில வந்து இரி" என்று அவர் சொல்லிவிட்டார். டாக்டர் பட்டத்துக்காக இத்தனை வருடம் பொறுத்த மனிதர். அதற்குமேல் அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் மாலை மகன் கையிலிருந்த அட்டையை அவர் வாங்கிப் பார்த்தார். அதில், கீழிருந்து மேலே ஒன்று முதல் பத்துவரை எண் போட்ட ஓர் ஏணி வரைந்திருந்தது.

"என்னலே இது?"

"மேல்படியில நல்ல நெலமையில உள்ளவங்க. கீழ்ப்படியில ரொம்பக் கஷ்டப்படுறவங்க. நீங்க எந்தப் படியில நிக்கீங்கன்னு ஆளுகள்ட்ட கேக்கணும். அவங்க சொல்லுத படிக்கும் ஒடம்பு நெலமைக்கும் சம்பந்தம் உண்டு."

"கடையில நெசமான ஏணியே கெடக்கு. அலுமினியம். எடுத்துட்டுப் போ. ஏறியே காட்டட்டும்."

மறுநாள் காலை ஜீப் பொன்முடிக்கு ஏறியது. முன்சீட்டில் திட்டத் தலைவர் டாக்டர் யோசுவா. மார்த்தாண்டத்தில் பிறந்து, மலையாளத்தில் வேலைபார்த்து, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுபவர்.

"இண்டர்வியூன்னு ஒண்ணும் பேடிக்கண்டா கேட்டோ, பயப்படவே வேண்டாம். ஆளுக்கு ஒரு வீட்டுல பேட்டி எடுக்கணும். நான் சும்மா பாத்துட்டு நிப்பேன். அத்தறதான்."

அந்தச் 'சும்மா'வைத் தாணுமாலயன் நம்பவில்லை. கொண்டையூசி வளைவுகளில் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ராஜஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மூடுபனியை ரசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குமட்டவில்லை. காற்றுகூட அவள் தலைமுடியை அழகாகத்தான் கலைத்தது.

"தாணு, எலுமிச்சங்கா இருக்கு, வேணுமா? முகம் என்னவோ மாதிரி இருக்கே."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னான்.

தோட்டத்து லயம் என்பது ஒரே நீளமான கட்டடம். வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் மறுவீட்டில் தும்முவார்கள். இதனால்தான் ஆய்வுக் கையேட்டில் ஒரு விதி இருந்தது: அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நேரத்தில் பேட்டி எடுக்கக் கூடாது. அந்த விதி தாணுமாலயனுக்கு மனப்பாடம்.

ராஜஸ்ரீ முத்தாரம்மாள் என்ற அம்மாளின் வீட்டுக்குள் போனாள். போன கொஞ்ச நேரத்திலேயே உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தாணுமாலயன் போக வேண்டியது லயத்தின் மறுகோடிக்கு. அவன் இரண்டடி அந்தப் பக்கம் வைக்கவும் செய்தான். மறுபடி சிரிப்புச் சத்தம். என்ன கேட்டு இப்படிச் சிரிக்க வைக்கிறாள்? அவன் திரும்பி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

அது பகவதியம்மாளின் வீடு. அவளும் முத்தாரம்மாளும் ஒரே தோட்டத்தில் கொழுந்து கிள்ளுபவர்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள்.

"வாங்க சார், உக்காருங்க. அங்க ஒரு டீச்சர் வந்திருக்காவ போல. நல்லா லெச்சணமா இருக்காவ."

"அவங்களும் நானும் ஒரே வேலைக்குத்தான் வந்திருக்கோம்."

பகவதியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பிடியா?" என்றாள்.

முழங்கால் வலி, இருமல், ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பிவர பஸ் கிடையாது என்பது எல்லாவற்றையும் அவன் ஒழுங்காகக் கேட்டு எழுதினான். காது மட்டும் சுவருக்கு மேலே இருந்தது. அங்கே ராஜஸ்ரீ, "ராத்திரியில கால் கடுக்கறதா மாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி! அக்கிரகாரத்து மாமியைத் தேயிலைத் தோட்டம்வரை கொண்டுவந்துவிட்டாள். முத்தாரம்மாள் உருகி, கடுப்பை அங்குலம் அங்குலமாகச் சொன்னாள். தனக்கு அந்த ஒரு சொல் தோன்றாமல் போனதே என்று தாணுமாலயன் பேனாவைக் கடித்தான்.

கடைசியில் ஏணி அட்டையை நீட்டினான். பகவதியம்மாள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள்.

அவன் எழுதி முடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்தாரம்மாளின் குரல் வந்தது: "எனக்கு ஆறுன்னு போடுங்கம்மா."

பகவதியம்மாள் அட்டையைத் தாழ்த்தினாள். "என்னது? ஆறா? மழ பெஞ்சா அவ வீட்டுல ஒழுகாத எடம் அடுப்புதான். எனக்கு ஏழு போடுங்க சார்." இந்தக் கடைசி வார்த்தைகளை அவள் சாருக்குச் சொல்லவில்லை, சுவருக்குச் சொன்னாள்.

"ஏட்டி பகவதி, ஏழா? போன வாரம் சீனி இல்லன்னு கிண்ணத்தத் தூக்கிட்டு வந்தது யாரு? டீச்சரே, எனக்கு எட்டு!"

"ஒனக்குச் சுகரு இருக்கேன்னு, ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி வாங்குனேன்!"

"எனக்கா சுகரு? மாமிக்கு ஒரு நோயும் கெடையாது, எழுதிக்கிடுங்க டீச்சர்! கால் கடுப்புன்னு சொன்னத அடிச்சிருங்க!"

"சார், என் மொழங்காலயும் அடிங்க. அது வலியே இல்ல, சும்மா ஒரு இது."

"மாமி, மெதுவா, மெதுவா" என்ற ராஜஸ்ரீயின் குரல் நடுவில் எங்கோ அமுங்கிப் போனது. சத்தம் கேட்டு மற்ற வீட்டுக்காரர்களும் வெளியே வந்தார்கள். யாரும் கேட்காமலே ஒருவர் ஒன்பது என்றார். அவருடைய மச்சான் அவரை முறைத்துவிட்டுப் பத்து என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த லயம் முழுவதும் ஏணியின் உச்சிப்படியில் நெருக்கியடித்து நின்றது. எல்லாருக்கும் பூரண ஆரோக்கியம். பொன்முடியில் சுகாதார ஏற்றத்தாழ்வு அன்று அடியோடு ஒழிந்தது.

யோசுவா வந்து இரண்டு படிவங்களையும் வாங்கிப் பார்த்தார். வெட்டியும் திருத்தியும் இருந்ததில் தாளே தெரியவில்லை.

"இது ரெண்டும் இனி எதுக்கும் கொள்ளாது. அடுத்தடுத்த வீடு. இது ஆரோட ஐடியா?"

ராஜஸ்ரீ உடனே சொன்னாள். "என் தப்பு சார். எந்தெந்த வீடுன்னு தாணுவோட முன்னாடியே பேசி வெச்சுண்டிருக்கணும். எனக்குத் தோணலை."

யோசுவாவின் முகம் இளகியது. "ம். ஒத்துக்கொள்ளணும்னா அதுக்கு ஒரு மனசு வேணுமல்லே."

தாணுமாலயன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டு நிற்பது. தப்பை ஒருத்தி தானாகக் கையில் வாங்கிக்கொண்டாள், வேலை இவன் பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் யோசுவா அவளைப் பார்த்த அந்தப் பார்வை! ஐந்து வருடமாக அவளுக்கு மட்டுமே கிடைத்துவரும் அதே பார்வை. தப்பு செய்தது இவன், நல்ல பெயர் அவளுக்கா?

"இல்ல சார், தப்பு என்னோடது."

"விடு தாணு, நான்தான்..."

"நீ எங்க செஞ்சே? நீ மொதல்லயே உள்ள போயாச்சு. பின்னால வந்து தட்டினது நானல்லவா?"

"நான் திரும்பிப் பாத்திருக்கணும்."

"பாத்திருந்தாலும் நான் அங்கதான் போயிருப்பேன்!" அவன் குரல் உயர்ந்தது. "சார், கையேடு எனக்கு மனப்பாடம். தெரிஞ்சேதான் போனேன். இவ என்ன கேக்கா, எப்படிச் சிரிக்க வைக்கான்னு ஒட்டுக்கேக்கப் போனேன். முழுக்க முழுக்க என் தப்பு."

அதற்குமேல் ஏலம் கேட்க ராஜஸ்ரீயிடம் ஒன்றும் இல்லை. பகவதியம்மாள் மட்டும், நம்ம ஆளு என்பதுபோல், லேசாகத் தலையாட்டினாள்.

ஜெயித்த சந்தோஷம் பாதி மலைவரை இருந்தது. எதை ஜெயித்தோம் என்பது அடிவாரத்து விதுரையில் சாயா குடிக்க நிறுத்தியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

வேலை ராஜஸ்ரீக்குப் போனது. அவளே போன் செய்து, "வருத்தமா தாணு?" என்று கேட்டாள். அவள் குரலில் கொஞ்சமாவது கர்வம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு வாரம் ஓட்டியிருப்பான். அதுவும் இல்லை.

அடுத்த மாதம் அவன் சாலைக் கடையில், அலுமினிய ஏணிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பேட்டி கொடுப்பவர்களிடம் ஆய்வாளர் தன் போன் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதும் கையேட்டு விதிதான்.

"சார், பகவதியம்மா பேசுதேன். முத்தாரம்மாளுக்குக் கடைசியா எத்தனை எழுதுனீங்க?"

"ஒருத்தர் பதிலை இன்னொருத்தர்கிட்ட சொல்லப்பிடாது."

"எனக்கு மேலயா?"

தாணுமாலயன் ஏணிகளைப் பார்த்தான். "ஒரு படி கீழ" என்றான்.

மலையுச்சியில் ஒருவர் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. "நல்லாருப்பீங்க சார். வேலை ஒங்களுக்குத்தான கெடச்சுது?"

"இல்ல. அவங்களுக்கு."

"யாருக்கு? முத்தாரம்மா வீட்டுக்கு வந்தவளுக்கா?"

"ஆமா."

பகவதியம்மாளின் குரல் சுவர் தாண்டாத அளவுக்குத் தாழ்ந்தது.

"இது முத்தாரம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனைக்கேன்."

"சொல்லிராதீங்க." பிறகு, "எனக்கு மொதல்ல சொன்ன அஞ்சுன்னே இருக்கட்டும் சார். நீங்க எந்தப் படி? ஒங்கள யாரும் கேக்கலியே."

தாணுமாலயன் தலைக்கு மேலிருந்த ஏணியின் படிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டான்.

"ராஜஸ்ரீ எத்தனைன்னு கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான்.