ரோமுக்கு வந்துவிட்ட இந்திராதேவி

யசோதினியின் அம்மாவிடம் அனுமதி வாங்கும்போது நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று யசோதினி சொல்லிவிட்டாள். நான் நிரஞ்சனா, திண்டுக்கல்லிலிருந்து பாரிசுக்குப் படிக்க வந்தவள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தேன். யசோதினி இங்கேயே பிறந்தவள், என் வகுப்பு. அவள் வீடு கூசேன்வில்லில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அவளுடைய அம்மா இந்திராதேவிக்கு என்னை ஏனோ பிடித்துப்போயிருந்தது. சனிக்கிழமைகளில் மீனும் மரக்கறியும் வாங்க லா ஷப்பேலுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு டப்பாவில் ஏதாவது சமைத்துக் கொண்டுவருவார்.

அக்டோபர் கடைசி விடுமுறையில் ஸ்பெயினும் இத்தாலியும் போவதாகத் திட்டம். பார்சலோனாவுக்கு ரயில், அங்கிருந்து கப்பலில் இத்தாலி, கொஞ்ச நாள் ரோம், பிறகு ரயிலிலேயே திரும்புவது.

"ஆரார் போறியள்?" கடை வாசலில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி ஆன்ட்டி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் யசோதினி பிரெஞ்சில் பதில் சொன்னாள். அம்மா தமிழில் கேட்பதும் மகள் பிரெஞ்சில் சொல்வதும் அவர்கள் வீட்டு வழக்கம். பெண்கள் மட்டும், நிரஞ்சனாவும் வருகிறாள், அவ்வளவுதான் என்றாள்.

"நிரஞ்சனா பிள்ளை வாறதெண்டா சரி" என்று முருங்கைக்காயைப் பைக்குள் போட்டார்.

செபஸ்டியனும் வருகிறான் என்பது அங்கே பேச்சிலேயே வரவில்லை. அவனும் எங்கள் வகுப்புதான், பாண்டிச்சேரிக் குடும்பம். அவனுக்கும் யசோதினிக்கும் நடுவே காதல் கீதல் ஒன்றும் கிடையாது. அதை அம்மா நம்பமாட்டார் என்று யசோதினி முடிவு செய்துவிட்டாள்.

பார்சலோனாவில் முதல் இரண்டு நாளும் நாங்கள் தரையில் நடக்கவில்லை, மிதந்தோம். பாரிசில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அங்கே கடற்கரையில் செருப்பைக் கையில் பிடித்து நடக்கிற வெயில். கொழகொழவென்ற சூடான சாக்லேட்டில் பொரித்த மாவுக் குச்சியைத் தோய்த்துத் தின்றோம். செபஸ்டியன் பள்ளியில் படித்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு பேருந்து ஓட்டுநர் முதல் பழக்கடைக்காரம்மா வரை எல்லாரிடமும் பேசினான். பாதிப் பேர் அவனுக்குப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்கள். அவன் அசரவில்லை.

மூன்றாம் நாள் காலை, மலைமேல் இருக்கும் பூங்காவில், படிக்கட்டின் கடைசிப் படிகளிலிருந்து யசோதினி குதித்தாள். அவள் அந்தரத்தில் இருக்கும்போது நான் படம் எடுக்க வேண்டும். எடுத்தேன். படத்தில் அவள் பறவை மாதிரி இருக்கிறாள். அடுத்த நொடி பாதம் மடங்கி, கீழே உட்கார்ந்து, "நிரு, கால்" என்றாள்.

எலும்பில் விரிசல். மருத்துவமனையில் முழங்கால்வரை கட்டுப் போட்டு, கிறிஸ்துமஸ் வரை அந்தக் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். செபஸ்டியன் வெளியே போய், எங்கேயோ ஒரு பழைய சாமான் கடையில் மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு சக்கரம் கொஞ்சம் கீச்சிட்டது.

"திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப திரும்பினா அம்மா இனி வாழ்க்கையில என்னை எங்கயும் விடமாட்டா. கப்பல்ல படுத்துட்டுதானே போகப்போறோம்" என்றாள். என்னிடம் பேசும்போது மட்டும் என் ஊர்த் தமிழை இழுத்துப் பேசுவது அவளுக்கு ஒரு விளையாட்டு. அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போதும் அதை விடவில்லை.

கப்பல் கரையை விட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி யசோதினியை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. பிறகு என் போன் அடித்தது.

"நிரஞ்சனா, அவள் போன் எடுக்கிறாளில்லை. நீர் சொல்லும். என்ன நடந்தது?"

அந்தக் குரலுக்கு முன்னால் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. கால், கட்டு, நாற்காலி எல்லாவற்றையும் சொன்னேன். மேல்தளத்தில் காற்று வாரியடித்தது. யசோதினி எதிரே உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"படியெல்லாம் ஆர் அவளைத் தூக்கி ஏத்திறது?"

"செபஸ்டியன், ஆன்ட்டி. எங்க கிளாஸ் பையன்."

யசோதினி ஆட்டிக்கொண்டிருந்த கையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ரோமிலை எங்கை நிப்பியள்? விலாசத்தை அனுப்பும்."

அனுப்பினேன்.

ரோமில் நாங்கள் எடுத்திருந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. பதிவு செய்யும்போது மூன்று பேருக்கும் ஆறு கால் இருந்தது, யோசிக்கவில்லை. செபஸ்டியன் யசோதினியை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினான். நான் பின்னால் மடக்கிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் மாடித் திருப்பத்தில் கீழே கதவு திறந்து யாரோ விறுவிறுவென்று ஏறிவரும் சத்தம் கேட்டது.

"தம்பி, பாத்து. அந்தப் படி உடைஞ்சிருக்கு."

இந்திராதேவி. கறுப்புக் குளிர்கோட்டு, கையில் உருட்டுப்பெட்டி, தோளில் ஒரு பை. செபஸ்டியன் அசையாமல் நின்றான். அவன் கழுத்தைக் கட்டியிருந்த யசோதினி முகத்தை அவன் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"ஏன் நிக்கிறியள்? பாரம்தானே, ஏறுங்கோ" என்றார் ஆன்ட்டி.

மேலே போனதும் முதலில் கட்டைத் தொட்டுப் பார்த்தார். கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி, "உணர்ச்சி இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திட்டத் தொடங்கினார். பொய் சொன்னதற்கு, குதித்ததற்கு, போன் எடுக்காததற்கு. யசோதினி பிரெஞ்சில் ஏதோ சொல்லச் சொல்ல அது இன்னும் ஏறியது. நாளைக்கு மத்தியானம் விமானம், தனக்கும் மகளுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று, சக்கர நாற்காலிக்கும் சொல்லியாயிற்று என்றார். பிறகு செபஸ்டியன் பக்கம் திரும்பினார்.

"உங்கடை பேர் என்ன, தம்பி?"

"செபஸ்டியன், ஆன்ட்டி. அம்மா பேர் மரி-லூயிஸ். அப்பா போன வருஷம் ரெத்ரெத், ரிட்டயர் ஆயிட்டார்." யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்பித்தான். "நான் சும்மா ஃப்ரெண்ட்தான் ஆன்ட்டி. சத்தியமா."

ஆன்ட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். "முதுகு நோகேல்லையோ?"

"கொஞ்சம்."

"அப்ப இருந்து சாப்பிடுங்கோ."

தோள்பையிலிருந்து இடியப்பம், சம்பல், தண்ணீரே இல்லாமல் வற்றவைத்த கத்தரிக்காய்க் கறி எல்லாம் வந்தன. "குழம்பு கொண்டந்தால் எயார்போட்டிலை பறிச்சுப்போடுவாங்கள். அங்கைதானே வேலை செய்யிறன், எனக்குத் தெரியாதே" என்றார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. "இவ்வளவு வருசம் பிளேனுக்குச் சாப்பாடு கட்டுறன். இண்டைக்கு நான் ஏறி இருந்தால் ஒரு மிடறு தண்ணிக்கும் காசு கேக்கிறான்!"

செபஸ்டியன் சிரித்துவிட்டான். ஆன்ட்டியும் சிரித்தார். யசோதினி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

மறுநாள் காலை விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். கல் பதித்த தெருவில் நாற்காலி தடதடவென்று குலுங்க, ஆன்ட்டி தானே தள்ளிக்கொண்டு வந்தார். சதுக்கத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. நடுவில் ஒரு நீரூற்று. கீரைக்காரர்கள் கடை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி கோட்டின் பித்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். காப்பி வந்தது, மிகச் சின்னக் கோப்பையில். "இவ்வளவுதானோ?" என்றவர் அதை அரைமணி நேரம் குடித்தார்.

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் போர்வையை உதறி வெயிலில் போட்டாள். ஒரு நாய் நீரூற்றில் தண்ணீர் குடித்துவிட்டு, ஈரத்தை எங்கள்மேல் சிலுப்பியது. செபஸ்டியன் இன்னொரு காப்பி சொன்னான்.

"ஆன்ட்டி, கிளம்பணும்" என்றேன்.

"இரும் பிள்ளை, கொஞ்சம்."

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"நான் லண்டன் போயிருக்கிறன், ஜெர்மனி, சுவிஸ் எல்லாம் போயிருக்கிறன். எல்லாம் கலியாணவீடு, பிள்ளையள் பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு, செத்தவீடு. போறது, மண்டபத்துக்குள்ளை நிக்கிறது, சாப்பிடுறது, வாறது. ஒரு அலுவலும் இல்லாமல் ஒரு ஊரிலை இப்பிடி இருக்கிறது இதுதான் முதல்தரம்."

யசோதினி அம்மாவின் கைமேல் கையை வைத்தாள். "அம்மா, இஞ்சையே நிப்பம்" என்றாள். தமிழில், அம்மாவின் தமிழில். "நீங்களும் நில்லுங்கோ."

ஆன்ட்டி மகளைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, வேலையிடத்துக்கு அழைத்து, நல்ல பிரெஞ்சில், மகளுக்குக் கால் முறிந்துவிட்டது, இந்த வாரம் வரமுடியாது என்றார். அடுத்து வீட்டுக்கு. யசோதினியின் அப்பா ஸ்ரீஸ்கந்தராசா உரக்கப் பேசுபவர், எங்களுக்கே கேட்டது.

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

"பிரிட்ஜிலை இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் அந்த விமானம் அவர்கள் இருவரும் இல்லாமல் போனது. நாங்கள் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு, உடைந்த பெரிய வட்டக் கட்டடத்தைச் சுற்றி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கல்தெருவில் செபஸ்டியன், மேட்டில் நான், அழகான இடங்களில் ஆன்ட்டி. அந்த ஏற்பாட்டை அவரே செய்தார். படம் எடுப்பதற்கு வசதியாம்.

இரண்டு நாள் கழித்து, "இஞ்சையிருந்து வெனிஸ் தூரமோ?" என்று கேட்டார்.

"ரயில்ல போயிடலாம் ஆன்ட்டி. ஏன்?"

"சாப்பாட்டு வண்டிலை ஒவ்வொரு ஊருக்கும் மூண்டு எழுத்து ஒட்டுவம். வி, சி, இ எண்டால் வெனிஸ். எத்தினை தரம் ஒட்டியிருப்பன். அது எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாப்பம்."

எங்கள் திட்டத்தில் வெனிஸ் கிடையாது. தெருவுக்குத் தெரு பாலம், பாலத்துக்குப் பாலம் படி உள்ள ஊர். சக்கர நாற்காலியோடு அங்கே போகப் புத்தியுள்ள யாரும் நினைக்கமாட்டார்கள். போனோம். சின்னப் பாலங்களில் செபஸ்டியன் யசோதினியைத் தூக்கினான், நான் நாற்காலியை. ஒரு இடத்தில் ஆன்ட்டியும் ஒரு பக்கம் பிடித்தார். மூச்சு வாங்கிய பிறகு, நாற்காலியோடு ஏறக்கூடிய பொதுப் படகு ஒன்று ஊரை முழுக்கச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டோம். அதில் போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தோம். மறுபடி போனோம்.

ஆன்ட்டி முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றார். இரண்டு பக்கமும் வீடுகள் தண்ணீருக்குள் கால் விட்டுக்கொண்டு நின்றன. வாசலில் படகு கட்டியிருந்த ஒரு வீட்டைக் காட்டி, "இவை சாமான் வாங்கவும் படகிலைதான் போகவேணும், பார்" என்று மகளிடம் சொன்னார். பிறகு வழியெல்லாம் அம்மாவும் மகளும் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். இயந்திரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் முயலவில்லை. நானும் செபஸ்டியனும் பின்னால் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் வறுத்த கஷ்கொட்டையைத் தின்று முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பாரிசில் ரயில் நின்றபோது மழை. ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் காரோடு வந்திருந்தார். செபஸ்டியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, அவர் முகம் இறுகியது.

"இவர் செபஸ்டியன்" என்றார் ஆன்ட்டி. "இவர் இல்லாட்டி பிள்ளை அந்தப் படியிலேயே இருந்திருப்பாள். பெட்டியை வாங்குங்கோ அவரிட்டை இருந்து."

அங்கிள் பெட்டியை வாங்கினார். என்னை லா ஷப்பேலில் இறக்கிவிட வந்த கார், ஆன்ட்டி சொன்னதால், அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நின்றது. இன்றைக்குச் சமைக்க முடியாது என்றார் அவர். உள்ளே கொத்துரொட்டி கொத்தும் இரும்புத் தகடுகளின் சத்தம் காதைப் பிளந்தது. நாற்காலிக்கு இடம் வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு மேசைகளை நகர்த்திக் கொடுத்தார். அங்கிள் ஐந்து பேருக்கும் சொன்னார். பிறகு மனைவியை நிதானமாகப் பார்த்தார். ஆன்ட்டியின் தலையில், முடிக்கு மேலே, வெனிசில் வாங்கிய சிவப்பு விளிம்புக் கறுப்புக் கண்ணாடி ஏறியிருந்தது.

"இதென்ன கண்ணாடி, இந்த மழைக்குள்ளை?"

"அங்கை நல்ல வெயில்" என்று சொல்லி, அதைக் கழற்றாமலே, ஆன்ட்டி குவளைகளில் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார்.