நடுக்கத்துக்கு ரெண்டு மடக்கு

ராஜரத்தினம் குடித்துவிட்டு ஓட்டினால் ஜீப் வழுக்கிக்கொண்டு போகும் என்று ராஜபாளையத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே ராஜரத்தினம்தான். "மத்தவனுக்கு உள்ள போனா கண்ணு மங்கும். எனக்கு உள்ள போனாத்தாம்லே ரோடே தெரியும்" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளி சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? அவர் பெண்டாட்டி பரிபூரணம் மட்டும் சிரிக்கமாட்டாள். அந்த ஜீப்பில் ஏறவும் மாட்டாள். நல்லது பொல்லாதது என்றால் புருஷன் ஜீப்பில் போவார், அவள் பஸ்ஸில் போவாள். கேட்டால், ஜீப்பு குலுக்குது, இடுப்பு வலி என்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அதே இடுப்பு வலிதான்.

கிருபாபாய்க்கு இந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் புருஷன் வைகுண்டராஜுக்கு அவர் சித்தப்பா முறை. நேர்ச் சித்தப்பாகூட இல்லை, சுற்றி வளைத்துச் சொன்னால்தான் உறவு புரியும். வைகுண்டராஜுக்கு அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தபோது, தான் மேலே ஒரு வார்த்தை சொன்னதாக அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். சொன்னாரோ இல்லையோ, அன்றிலிருந்து சித்தப்பாவைக் கண்டால் வைகுண்டராஜ் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவான். அவர் உட்காரச் சொல்லும்வரை நிற்பான். சில சமயம் அவர் சொல்ல மறந்துபோவார், இவன் நின்றுகொண்டே இருப்பான். மற்றபடி நல்ல டிரைவர். பீடி கிடையாது, குடி கிடையாது, டிப்போவில் அவன்மேல் ஒரு புகார் கிடையாது. இவ்வளவும் கொடுத்த ஆண்டவர் முதுகெலும்பை மட்டும் வைக்க மறந்துவிட்டார் என்பது கிருபாபாயின் கட்சி.

எண்பத்தொன்பதாம் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு வைகுண்டராஜும் கிருபாபாயும் டிவிஎஸ் வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் பந்தலில் இருக்க, பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் கூடியிருந்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு வந்தபோது ராஜரத்தினத்துக்கு முகம் சிவந்து, நாக்கு தடித்திருந்தது. ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றிக்கொண்டு, பரிமாறினவனைத் திட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மேனேஜர் சீனிச்சாமியும் பரிமாறினவனையே திட்டினான்.

ஜீப் சாவியை அவர் வெற்றிலைத் தட்டில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். கிருபாபாய் அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். புருஷனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நீங்க ஜீப்ப ஓட்டிட்டுப் போய் மாமாவ வீட்ல விட்டுருங்க. டிவிஎஸ் இங்கயே கெடக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கிடலாம்."

வைகுண்டராஜ் அவளை ஏதோ தெய்வநிந்தனை செய்துவிட்டவளைப் போலப் பார்த்தான். "சித்தப்பா வண்டிய நான் போய் ஓட்டுதேன்னு கேட்டா மரியாதையாவா இருக்கும்?"

"நெதமும் அம்பது பேர வச்சு பஸ் ஓட்டுதீக. குடிச்சவன் ஓட்டுனா என்ன ஆகும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"அவிய அனுபவஸ்தர். நீ சாவியக் குடு. தேடுதாக பாரு."

ராஜரத்தினம் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கும் வெற்றிலையும் ஜமுக்காளத்தில் சிதறிக் கிடந்தன. கிருபாபாய் கொடுக்கவில்லை. வைகுண்டராஜ் அவள் பையைத் தானே திறந்து, சாவியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு கையாலும் நீட்டினான். "கீழ கெடந்துச்சு சித்தப்பா" என்றான். அந்தப் பொய்யையும் அவன் அவ்வளவு பணிவாகச் சொன்னான்.

டிவிஎஸ்ஸில் அவர்கள் ராஜபாளையத்துக்குத் திரும்பும் வழியில், மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அது நடந்தது. வைகுண்டராஜ் ரோட்டின் ஓரத்தைவிட்டு ஒரு சாண்கூட உள்ளே வராமல் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல வெயில், நேரான ரோடு, எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னாலிருந்து ஜீப் வந்து அப்படியே ஏறியது. ஹாரன் இல்லை, பிரேக் சத்தமும் இல்லை. கிருபாபாய் கருவேலம் புதரில் போய் விழுந்தாள். எழுந்து பார்த்தபோது இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வைகுண்டராஜ் ரோட்டோரம் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே, கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவள் ஓடிப்போய் ரோட்டின் நடுவில் நின்றாள். தேங்காய் ஏற்றிய வேன் ஒன்று தூரத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் ஆட்டி நிறுத்திவிட்டுத் திரும்பினால், ராஜரத்தினம் வைகுண்டராஜின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பிராந்தி பாட்டிலை அவன் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"குடிலே. நடுக்கம் நிக்கும். ரெண்டு மடக்கு, அம்புட்டுத்தான்."

கால் ஒடிந்து கிடக்கிறவன், ஜென்மத்தில் பிராந்தியைத் தொடாதவன், குடித்தான். சித்தப்பா கொடுக்கிறாரே! கிருபாபாய் பாய்ந்து வந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள். மிச்சமிருந்தது அவன் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. சீனிச்சாமி ஜீப்பிலிருந்து ஒரு பண்டல் பேண்டேஜைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நம்ம கம்பெனித் துணிதான்மா, நயம் துணி" என்று சொல்லிக்கொண்டே காலைச் சுற்றினான். இடித்த கையோடு கட்டுத்துணியும் அவர்களே கொடுத்துவிட்டார்கள், வேறென்ன வேண்டும்?

"ஜீப்புல ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டு போறேன்" என்றார் ராஜரத்தினம்.

"பொணமாகூட அதுல ஏறமாட்டோம்" என்றாள் கிருபாபாய். வேன்காரர் இறங்கி, தேங்காய் மூட்டைகளை ஒதுக்கி, வைகுண்டராஜைத் தூக்கிப் படுக்க வைத்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் கத்தினான். வேன் மெதுவாகத்தான் போக முடிந்தது. பாதி வழியில் அந்த ஜீப் வேனை முந்திக்கொண்டு பறந்தது.

ஏன் பறந்தது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் போய்த்தான் தெரிந்தது. வாசலிலேயே ஏட்டு நின்றார். அவர் பக்கத்தில் ராஜரத்தினம், முகம் கழுவி, தலை சீவி, வாய் நிறைய வெற்றிலையோடு நின்றார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு ஜீப்புக்குக் குறுக்க வந்துட்டாருன்னு சார் சொல்லுதாரு. நெசமா?"

கிருபாபாய்க்கு அப்போதுதான் அந்த இரண்டு மடக்கின் விலை விளங்கியது. டிப்போவில் சமுத்திரம் என்று ஒரு டிரைவர் இருந்தார். லாரிக்காரன் வந்து இடித்த விபத்துதான், ஆனால் இவர் வாயில் வாடை அடித்ததாக டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டார். அந்த ஒரு வரியோடு வேலை போனது. இப்போது பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறார், தான் ஓட்டின பஸ்ஸிலேயே ஏறி இறங்கி. வைகுண்டராஜுக்குப் பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. அந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ராஜரத்தினம் இரக்கப்பட்டுக் கொடுத்தாரா, திட்டம் போட்டுக் கொடுத்தாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் இரக்கம்தான் பட்டிருப்பார். பட்ட இரக்கத்திலும் ஒரு லாபம் இருக்கிறது என்பது ஜீப்பில் வரும்போது தோன்றியிருக்கும். வியாபாரி அல்லவா?

உள்ளே டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, குனிந்து வைகுண்டராஜின் முகத்தருகே மூச்சை இழுத்தார். நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தார்.

"குடிச்சிருக்கீங்களா?"

வைகுண்டராஜின் கண் டாக்டரைத் தாண்டிப் போனது. கட்டிலின் தலைமாட்டில் ராஜரத்தினம் நின்று அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தார். "பயப்படாதடே. நடந்தது நடந்துபோச்சு. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நமக்குள்ள எதுக்கு போலீசு கேசு?"

"சொல்லுங்க" என்றாள் கிருபாபாய். "யாரு குடுத்தான்னு சொல்லுங்க."

வைகுண்டராஜ் கண்ணை மூடிக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்" என்றான்.

அவளுக்கு அந்தக் கட்டிலோடு அவனைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப வாடை இருக்குன்னுதான்மா நான் எழுத முடியும்."

"எழுதுங்க சார். ஆனா எல்லார் வாயையும் மோந்து பாத்துட்டு எழுதுங்க. மொதல்ல என் வாயப் பாருங்க. நானும் அடிபட்டவதான்." ரத்தம் காய்ந்த கையை ஏட்டு முன்னால் நீட்டினாள். "கம்ப்ளைண்டு நான் குடுக்கேன், எம்பேர்ல. பின்னால உக்காந்திருந்தவ நான். அந்த ஜீப்ப ஓட்டுனவரையும் பாக்கச் சொல்லுங்க."

ஏட்டு தொண்டையைச் செருமினார். "சார் தொடவே இல்லன்னு சொல்லுதாரும்மா. பெரிய மனுஷன், சும்மா எப்படி…"

"தொடல" என்றார் ராஜரத்தினம். "ஒரு சொட்டு தொடல. சத்தியம்."

கிருபாபாய் அவரைப் பார்த்தாள். அந்த வெற்றிலை வாயையும், சட்டைக்குள் முட்டிக்கொண்டிருந்த வயிற்றையும், சத்தியம் செய்வதற்காகத் தூக்கிய கையையும் பார்த்தாள். இந்த ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, திட்டு வாங்கியே கொழுத்தவர் என்று தோன்றியது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அதான பாத்தேன் மாமா. நீங்க தொட்டிருந்தா இப்படி ஓட்டியிருப்பீகளா? ஓரத்துல போற வண்டில கொண்டுபோய் விட்டிருக்கீக, நேத்து ஸ்டியரிங்கப் பிடிச்ச பய கணக்கா. கை நடுங்கிருச்சோ?"

"என்ன?" என்றார் ராஜரத்தினம்.

"ஒங்களயும் கொற சொல்லக்கூடாது. வயசாகிட்டுல்லா. முன்ன மாதிரி ஒங்களால குடிக்கவும் முடியல, ஓட்டவும் முடியல. பாவம்."

சீனிச்சாமிக்கு ஆபத்து புரிந்துவிட்டது. "மொதலாளி, வாங்க வெளிய போவோம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். ராஜரத்தினம் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"யாருக்குட்டி வயசாகிட்டு? யாரு கை நடுங்குது? ஏலே சீனி, சொல்லுலே இவகிட்ட. மத்தியானம் ஒத்த ஆளா முக்காப் பாட்டில் உள்ள போயிருக்கு! ஒரு தடுமாத்தம் உண்டா எனக்கு? அந்தா கெடக்கான் பாரு ஒம் புருஷன். ரோட்ல நான் ஊத்துன ரெண்டு மடக்குக்கே கண்ணு சொருகிப் போய்க் கெடக்கான், இவன்லாம் ஆம்பளயா?"

பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கிழவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ராஜரத்தினம் தாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். சீனிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏட்டு, மெமோ குடுங்க" என்றார் டாக்டர். "ரெண்டு பேருக்குமே ரத்தம் எடுக்கணும்." பிறகு வைகுண்டராஜிடம், "இப்பவாவது சொல்லுங்க. நீங்களாக் குடிச்சீங்களா, அடிபட்ட பிறகு அவர் குடுத்தாரா?" என்று கேட்டார்.

சித்தப்பாவே சொல்லிவிட்ட பிறகு வைகுண்டராஜுக்கும் வாய் வந்தது. "குடுத்தாங்க சார். மறுக்க முடியல." டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வேலை பிழைத்தது.

கிருபாபாய் சொல்லச் சொல்ல ஏட்டு புகாரை எழுதினார். எழுதி முடித்ததும் அவள் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னாள். ஓரமாகப் போன வண்டி என்பதையும், பின்னால் வந்து இடித்தது என்பதையும், பிராந்தி விஷயத்தையும், வேன்காரர் பெயரையும் சேர்த்துவிட்டுத்தான் போட்டாள். வெளியே வராந்தாவில் ராஜரத்தினம் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு, ஐயோ அம்மா என்று கத்துவது கேட்டது. முக்கால் பாட்டில் வீரருக்கு ஊசி என்றால் பயம் போலிருக்கிறது.

அவள் கட்டில் பக்கம் வந்தாள். காலில் மாவுக்கட்டுப் போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வைகுண்டராஜ் பக்கத்தில் வரும்படி சைகை காட்டினான். ஏதோ சொல்லத் தயங்கினான். என்ன இருந்தாலும் தன் புருஷன், செய்த தப்பு இப்போதாவது உறைத்திருக்கும் என்று அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. குனிந்தாள்.

"ஜீப்ப ஸ்டேஷன்ல பிடிச்சு வச்சுக்கிடுவாங்களாமே" என்றான் அவன் கவலையாக. "சித்தப்பா எப்படி வீட்டுக்குப் போவாக?"

கிருபாபாய் நிமிர்ந்தாள். வராந்தாவில் நிற்கிற ஆள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, இந்த மாதிரி ஆட்கள் சுற்றி நின்று தூக்கிப்பிடிக்கவில்லை என்றால் என்றைக்கோ ஒரு சாக்கடையில் விழுந்து கிடந்திருப்பார் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எந்திரிச்சு நீங்களே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, தன் கைக்கு மருந்து போட்டுக்கொள்ள நர்சைத் தேடிப் போனாள்.