முன்னால் நகர்ந்த குடம்

படம் வந்த நாளிலிருந்து லட்சுமணனுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கோடை லீவுக்குக் ராயபுரம் கல்மண்டபத்தில், இவர்கள் தெருவிலேயே இருந்த தன் அத்தை வீட்டு மாடியில் வந்து தங்கிப் போனவன் ஜேக்கப். அந்த ஒரு மாதத்தை நாவலாக எழுதினான். இப்போது அதையே சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். பாதி கற்பனை, பாதி சொந்தக் கதையாம். அந்தச் சொந்தப் பாதி தன் பெண்டாட்டி கெங்கம்மாதான் என்று தெருவே பேசியது.

"இன்னா மாமு, கதாநாயகி வூட்டுக்காரரே! ஓசி டிக்கெட் கீதா?" என்றான் பக்கத்து வீட்டு சௌக்கத் அலி.

"போடா கஸ்மாலம்."

கெங்கம்மாவோ புதுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். தனியாக விட மனசில்லாமல் இவரும் போனார். திரையை எங்கே பார்த்தார்? அவள் எந்த இடத்தில் சிரிக்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் தண்ணீர் லாரி வரும் காட்சி வந்தது. ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும், அதுதான் தெரு வழக்கம். விடிவதற்குள் கதாநாயகன் பதுங்கி வந்து, வரிசைக் கடைசியில் இருந்த கதாநாயகியின் குடத்தைத் தூக்கி முதலில் வைத்தான். கெங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

 நிஜத்தில் அதைச் செய்தது லட்சுமணன். அந்தக் கோடை முழுக்கச் செய்தார். பிடிபட்ட அன்று, குடம் திருட வந்தவன் என்று பொம்பளைகளிடம் துடைப்பக்கட்டையால் அடிகூட வாங்கினார். யாருக்காக என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளைக் கட்டிக்கப் போகிற முறைப்பையன் இதைப் போய்ச் சொல்லிக் காட்டுவானா என்கிற வீம்பு. மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த ஜேக்கப் அதைத் தன் கதையாகத் திருடிக்கொண்டு போய்விட்டான்.

வெளியே வந்ததும் சொல்லியேவிட்டார். "ஏ கெங்கா, அந்தக் கொடத்த நவுத்தினது நான்டி."

"அய்ய! படத்தப் பாத்துட்டு வந்து சொல்றியா? இத்தினி வருசமா வாய்ல இன்னா கொயக்கட்டையா வச்சிகினு இருந்த?"

"சத்தியமா நான்தான். அவன் மேலேர்ந்து பாத்துகினு இருந்தான்."

"யோவ், கட்டிகினு வந்ததுலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்துகிறியா நீ? கொடம் நவுத்துனியாம்!" அவள் பூவைச் சரி செய்துகொண்டாள். "அவன்தான்னு எனக்கு அப்பவே தெரியும். அதான் ஊருக்குப் போற அன்னிக்கு அவனப் பாத்து ஒருவாட்டி சிரிச்சேன்."

பஸ் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. ராயபுரம் வரைக்கும் லட்சுமணன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.