நைட் வாரத்துக் காட்டேரி

...முதுகெலும்பு இல்லாதவளாம், யாரைப் பார்த்து என்ன வார்த்தை, இதை வாட்ஸப்பில் எழுத அந்தக் கிருஷ்ணப்ரியாவுக்குக் கை எப்படி வந்தது, சுப்புலட்சுமி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள், மனசு கேட்காமல் மறுபடி நிமிர்த்தினாள், அந்த வரி அங்கேயேதான் இருந்தது. "ஒருத்தனுக்காக வெயிலை விட்டுட்டு இருட்டுல போய் உக்காந்துக்கறவளை ஹீரோயின்னு என்னால ஒத்துக்க முடியாது. முதுகெலும்பு இல்லாதவ." தாரிகாவைத்தான் சொல்கிறாள். ஐந்து புத்தகமாக ஒரு ரத்தக் காட்டேரியைக் காதலித்து, கடைசிப் புத்தகத்தில், கடைசி அத்தியாயத்தில், அந்த ருத்ரேஷிடம் கழுத்தை நீட்டித் தானும் காட்டேரியாகி, இனி ஜென்மத்துக்கும் சூரியனைப் பார்க்க முடியாது என்று தெரிந்தே அவனுடைய நிலவறைக்குள் இறங்கிப் போன தாரிகாவை. கதையில் வருகிற பெண், வெறும் பேப்பரும் மையும், அவளைச் சொன்னால் இவளுக்கு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? ஏன் என்றால்... வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவள் மட்டும் ஜன்னலுக்கெல்லாம் பழைய கம்பளியை மாட்டிவிட்டுக் கும்மிருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்த புருஷன் அய்யாசாமி உள்ளறையில் தூங்குகிறார், அதனால்தான்.

இது இன்று நேற்றுக் கதையா, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளாக இப்படித்தான். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். நைட் வாரம் வந்தால் இந்த வீட்டில் குக்கர் கிடையாது, வடித்த சோறுதான், விசில் சத்தத்துக்குப் பயந்து. மிக்ஸி கிடையாது. காலிங் பெல் ஸ்விட்சை அணைத்துவிடுவாள், பால்காரர் கதவைத் தொடக்கூட மாட்டார். கொலுசை வந்த முதல் வருஷமே கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று, மெட்டியைக் கழற்ற முடியாதே, தரையில் படாமலிருக்க நூலைச் சுற்றிக்கொண்டாள். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு ஓடுவாள், வெயிலோ மழையோ. அந்தக் குழந்தை இப்போது காலேஜ் ஹாஸ்டலில், அங்கேயும் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுகிறாளாம், ஏண்டி தொண்டை கட்டிக்கிச்சா என்று எல்லோரும் கேட்கிறார்களாம். அப்போதுகூட இவளுக்குத் தோன்றியது பெருமைதான். பின்னே, எதற்காக இவ்வளவும்? அவ்வளவு பெரிய சுரங்கப் பள்ளத்தில், கரியைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்க நிற்கிற மனிதர், பகலில் தூக்கம் கெட்டால் கால் தடுமாறும், கை போகும், உயிரே போகும். முழுசாகப் போனவர் முழுசாக வர வேண்டும், அவ்வளவுதானே இவள் கேட்டது. ஆனால் ஷிப்ட் பஸ்ஸில் அய்யாசாமி விடுகிற குறட்டைக்கு டிரைவர் ஹாரனே அடிக்கத் தேவையில்லை என்று அவருடைய சேக்காளி பழனிவேல் கிண்டல் பண்ணுவாரே... வீட்டில் ஏன் குறட்டையே கேட்பதில்லை? வீட்டில் நிம்மதியான தூக்கம், அதனால் இருக்கும்.

புத்தகம் வாங்கினது என்னவோ கிருஷ்ணப்ரியாதான், டீச்சர், கையில் சம்பளம், குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் எதைப் படித்தாலும் அதற்கு மார்க் போடாமல் விடமாட்டாள். ஒரே பிரதிதான் வீடு வீடாகச் சுற்றியது, சாம்பார் வாசனையோடு, கரித்தூள் படிந்த அட்டையோடு. நான்காவது புத்தகம் வரைக்கும் எல்லாரும் ஒரே குரல், ருத்ரேஷ் ருத்ரேஷ் என்று உருகினார்கள். கடைசிப் புத்தகம் வந்ததும் வாட்ஸப் குழு இரண்டாக உடைந்துபோயிற்று. காதல் என்றால் இதுதான் என்று பாதிப் பேர் இதயம் இதயமாகப் போட, இந்தக் கூத்துக்கா ஐந்து புத்தகம் படித்தோம், அவன் வெளியே வந்திருக்கக் கூடாதா, இவள்தான் உள்ளே போக வேண்டுமா என்று மீதிப் பேர் சண்டைக்கு வர, அதற்கு நடுவில்தான் அந்த முதுகெலும்பு. விடுவதா இதை? சும்மா விட்டால் இத்தனை வருஷம் இருட்டில் உட்கார்ந்ததெல்லாம் கோழைத்தனம் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா?

தமிழில் டைப் அடிக்க வரவில்லை, ஒரு வரிக்குள் நான்கு தடவை அழிக்க வேண்டியிருந்தது. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தி, முந்தானையால் வாயை மூடி, வாய்ஸ் மெசேஜாகப் பேசியே அனுப்பினாள். உடனே மந்தாரக்குப்பத்து எழில்மதியின் பதில் வந்தது, தாரிகா கட்சிக்காரி, காண்ட்ராக்ட் லேபருக்கு வாக்கப்பட்ட சின்னப்பெண், சுப்புலட்சுமி போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். "அக்கா, ஒண்ணுமே வெளங்கலக்கா, எலி பொறாண்டுறாப்ல கேக்குது. வூட்டுல யாருக்குப் பயந்துகினு பேசுற? நம்ம பக்கம் பேச ஆளே இல்ல, கொஞ்சம் சத்தமாப் பேசுக்கா." யாருக்குப் பயந்துகொண்டா? நானா? பயமா? அடி இவளே... நட்ட நடு ஹாலுக்கு வந்தாள், கம்பளி இருட்டுக்கு நடுவில் நின்றாள், கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள். "கிருஷ்ணப்ரியா, நான் சுப்புலட்சுமி பேசுதேன். நைட் வாரத்துல ஒரே ஒரு நாள், ஒரு டம்ளர்கூடச் சத்தம் வராம வீட்டை வச்சுப் பாரு, முதுகெலும்பு எங்க இருக்குன்னு அப்பத் தெரியும் உனக்கு. தாரிகாவ யாரும் கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல. அவளாப் போனா. நானும்தான் நானா உக்காந்தேன். ஒருத்தர் நல்லாத் தூங்கணும்னு இருட்டுல உக்காரதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்னு உனக்கென்ன தெரியும்? போ, போயி வேற யாருக்காவது மார்க் போடு."

அனுப்பிவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது, ஐயையோ, எழுப்பிவிட்டோமே, பாழாய்ப்போன வாய், இன்று ராத்திரி அந்தப் பள்ளத்தில்... "நல்லாத்தான் சொன்ன," என்றது உள்ளறை. தூக்கக் கலக்கமே இல்லாத குரல். "முழிச்சிட்டீங்களா, மன்னிச்சிருங்க, நான்..." "தூங்கினாத்தான முழிக்கதுக்கு." அறை வாசலில் வந்து நின்றார் அய்யாசாமி, கண் இரண்டும் சிவந்து. "ராத்திரி பூரா அந்த மெஷின் சத்தத்துலயே நின்னுட்டு வாரேன் சுப்பு. வீட்டுக்குள்ள வந்தா ஒரே அமைதி, காது கொய்யினு கத்துது. பஸ்ஸுல தூங்குனதுதான் தூக்கம். இங்க சும்மா கண்ண மூடிக் கெடப்பேன்." இவள் இரண்டு எட்டு அவர் பக்கம் நெருங்கினாள். "ஏன் சொல்லல? இத்தனை வருசம் ஏன் சொல்லல நீங்க?" அவர் குனிந்து இவள் கால் விரலைப் பார்த்தார். "மெட்டியில நூலச் சுத்திக்கிட்டுத் திரியுறவகிட்ட எப்பிடிச் சொல்ல?"

சிரிப்பதா, கையில் அகப்பட்டதை எடுத்து அவர் மேல் எறிவதா? பாவி மனுசா, என் பிள்ளை இன்னும் ரகசியம் பேசுகிறாளே... கம்பளியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள், ஆணியோடு வந்தது, வெயில் உள்ளே விழுந்ததும் அவர் கண்ணை இடுக்கினார், இடுக்கட்டும். விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள், பரணிலிருந்து குக்கரை இறக்கி, அரிசியைக் களைந்து போட்டு, அடுப்பைப் பெரிதாக வைத்தாள். செல்போன் கத்தியது, குழுவில் புது மெசேஜ். கிருஷ்ணப்ரியா. "ஸாரிக்கா, உங்களைச் சொல்லலைங்க. ஆனா நிஜமாச் சொல்லுங்க, அவ செஞ்சது சரின்னுதான் இப்பவும் நினைக்கறீங்களா?" சரிதான், சந்தேகமென்ன, "சரிதான்" என்று தட்டுத் தடுமாறி அடித்தாள், அனுப்பப் போனாள், விரல் அந்தரத்தில் நின்றது... அந்த நிலவறையில் ருத்ரேஷ் பகலெல்லாம் தூங்கினானா? ஐந்து புத்தகத்தில் எங்கேயாவது எழுதியிருந்ததா? தாரிகா ஒரு தடவையாவது அவனைக் கேட்டாளா? எந்தக் கட்சிக்காரியும் கேட்கவில்லையே, நான் உட்பட... குக்கர் முதல் விசிலைக் கிளப்பியது, போனைப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள், குமிழில் கை வைத்த பிறகுதான் நின்றாள், திரும்பிப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ ஹால் தரையிலேயே சரிந்து படுத்திருந்தார் அய்யாசாமி, இரண்டாவது விசில் வந்தது, அதோடு சேர்ந்து அவருடைய குறட்டையும்.