நடுமுள் உருவிய மடவை

கடலே இல்லாத ஊரில் கடலுக்கு இரை கட்டுவது என் வேலை. ஈஜிபுராவில் டிரேவர் சாரின் தூண்டில் கடையில் பின்பக்கத்து மேசை என்னுடையது. லீவு போட்டு மல்பேக்குப் போய், படகெடுத்துப் பெரிய மீன் பிடிக்கிற சாஃப்ட்வேர்காரர்கள் எங்களிடம் வருவார்கள். அவர்களுக்காகச் செத்த மடவை மீனுக்குள் கொக்கியை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். ஓடும் படகின் பின்னால் நைலான் நரம்பில் அதை இழுத்துக்கொண்டே போவார்கள். செத்தது உயிரோடு நீந்துவதுபோல் தெரிந்தால்தான் பெரிய மீன் வந்து கடிக்கும்.

என் மீன்கள் நீந்தவில்லை. பம்பரமாகச் சுற்றின. மூன்று முறை போனவர்கள் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பி, நரம்பு முறுக்கிக்கொண்டதுதான் மிச்சம் என்றார்கள்.

வியாழக்கிழமை டிரேவர் சார் மேசைக்கு வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை.

"ஷோபா, இந்த ஹரிஷ்குமார் ட்ரிப்தான் லாஸ்ட். இதுலயும் சுத்துச்சுன்னா இரை கட்டுறத ஸ்டாப் பண்ணிடலாம்மா. பிளாஸ்டிக் மீனே வாங்கி வெச்சிடறேன்."

"சரி சார்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. மேசை போனால் மறுபடி பீன்யா கார்மென்ட்ஸ்தான். அங்கே சூப்பர்வைசர் கேட்பதற்கெல்லாம் இருநூறு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். மீன் என்னை ஒன்றும் கேட்காது.

அன்று சாயங்காலம் பார்த்துக் கடை ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. ஆறு மடவைகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து நீலசந்திராவில் இருக்கும் வீட்டுக்கே எடுத்துப் போனேன். காலையில் ஐஸ் கரைந்திருந்தது. வாங்கப் போன இடத்தில் வரிசை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அம்மா அருவாமணையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டிரேவர் சார் குடுத்தனுப்பினாரா? நல்ல மடவைடி. அக்கா பசங்க வராங்களே, தொண்டையில மாட்டுமேன்னு நடுமுள்ள உருவிட்டேன். தலைய மட்டும் விட்டு வெச்சிருக்கேன், உனக்குப் பிடிக்குமே."

ஆறு மீன்களும் வயிறு கிழிந்து, மஞ்சளும் உப்பும் பூசிக்கொண்டு தட்டில் வரிசையாகப் படுத்திருந்தன.

"அம்மா, அது கறிக்கு இல்ல. கடலுக்கு."

"கடலுக்கா? ஏன், அங்க மீன் இல்லயா?"

மணி ஒன்பது. பதினொரு மணிக்கு ஹரிஷ்குமார் வருவார். புது மீன் வாங்க ரசல் மார்க்கெட் போய்த் திரும்ப நேரமில்லை. அழுகை வந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை, ஊசியை எடுத்துவிட்டது. ஒரு மீனின் வயிற்றுக்குள் கொக்கியை நட்டநடுவில் வைத்து, கிழிந்ததை நெருக்கமாகத் தைத்தேன். மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். வால் ஆடியது.

முன்பெல்லாம் தூக்கினால் ஸ்கேல் மாதிரி விறைத்து நிற்கும். இது துணிபோல் வளைந்தது. விறைத்த முதுகைத் தண்ணீர் ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளித்தான் இத்தனை நாள் சுற்றியிருக்கிறது என்று அப்போது புரிந்தது. நடுமுள் இருக்கிறவரை நான் எப்படித் தைத்திருந்தாலும் அது நீந்தியிருக்காது.

தாடைக்கு அடியில் ஈயக்குண்டு கட்டினேன். உள்ளே தண்ணீர் ஏறாமலிருக்க உதடுகளைச் சேர்த்துத் தைத்தேன்.

"வாய வேற தைக்கிறியா?" என்றாள் அம்மா. "அதையும் உன்ன மாதிரியே ஆக்கிடு."

ஆறையும் தைத்து முடித்துக் கடைக்கு ஓடினேன். ஹரிஷ்குமார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு டிரேவர் சாரைப் பார்த்தார்.

"சார், இது ஃபிரைக்கா? எண்ணெய் ஒண்ணுதான் பாக்கி. நான் பிளாஸ்டிக்கே எடுத்துக்கறேன்."

டிரேவர் சார் தலையைச் சொறிந்தார். அவர் பிளாஸ்டிக் பாக்கெட்டுக்குக் கை நீட்டுவதைப் பார்த்தேன்.

"தண்ணில பாருங்க சார்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். நான் வாடிக்கையாளரிடம் பேசியதே இல்லை.

ஹரிஷ்குமாரின் அப்பார்ட்மென்ட் அடுத்த தெருவில்தான் இருந்தது. அங்கே நீச்சல் குளம் உண்டு. வாட்ச்மேன் ஓடி வந்தார். "என்னம்மா இது, பூல்ல மீனா?"

"ரெண்டே நிமிஷம் அண்ணா" என்று அவரை ஹரிஷ்குமார் சமாளித்தார். நான் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு குளத்தின் ஓரமாக வேகமாக நடந்தேன். மடவை பின்னாலேயே வந்தது. சுற்றவில்லை. உடம்பை நெளித்து, வாலை வீசி, எங்கோ அவசரமாகப் போவதுபோல் நீந்தியது. மிதவையோடு இருந்த ஒரு சிறுமி பாய்ந்து கரையேறினாள்.

"உயிரோட இருக்கா?" என்றார் வாட்ச்மேன்.

ஹரிஷ்குமார் இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே வாங்கி இழுத்தார். அப்புறம் ஆறையும் எடுத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிளாஸ்டிக்கும் வாங்கினார்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கரைக்கு வந்ததும் அவர் போன் செய்தார். டிரேவர் சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மயில் மீன் சார். ரெண்டு. முதுகுத் துடுப்பப் படகுப் பாய் மாதிரி விரிச்சுக்கிட்டு படகு உயரத்துக்குக் குதிக்குது. போட்டோ எடுத்துட்டுத் தண்ணிலயே விட்டுட்டோம். அப்புறம் ஒரு வஞ்சிரம், பதினாலு கிலோ. எல்லாமே மடவைல அடிச்சதுதான். பிளாஸ்டிக்க ஒண்ணும் திரும்பிக்கூட பாக்கல. அடுத்த மாசம் இருபது வேணும்."

"அனுப்பிடலாம் சார், சொன்னா ரெண்டு மணி நேரத்துல..." என்று டிரேவர் சார் ஆரம்பித்தார்.

நான் போன் பக்கத்தில் போய் நின்றேன். "ரெண்டு மணி நேரத்துல ஆகாது சார். ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் முள் உருவணும்."

ஸ்பீக்கரில் ஹரிஷ்குமாரின் குரல் வந்தது. "சரிங்க மேடம்."

டிரேவர் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. "அப்புறம், நானும் படகுல வரேன். கடல்ல எப்படிப் போகுதுன்னு பாத்தாதான் இன்னும் நல்லா கட்டலாம்."

"வாந்தி வரும், பரவாயில்லயா?" என்று போனில் கேட்டார் ஹரிஷ்குமார்.

"வரட்டும் சார்" என்றேன்.